டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் சரியான டோஸ் எது?

ஒருவருக்கு வாரம் ஒருமுறை 100 மில்லிகிராம் ஊசி. இன்னொருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம். மூன்றாமவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,000 மில்லிகிராம். நான்காமவர் தினமும் காலையில் குளித்துவிட்டு 50 மில்லிகிராம் ஜெல்லைத் தோளில் தடவிக்கொள்கிறார். நால்வருமே டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்கான மாற்றுச் சிகிச்சையில் இருப்பவர்கள். இவர்களில் யாருக்குக் கூடுதலாகக் கொடுக்கப்படுகிறது என்று கேட்டால், சீட்டில் உள்ள எண்களைப் பார்த்துப் பெரும்பாலோர் தவறான பதிலையே சொல்வார்கள். இணையத்தில் "வாரம் 200 தான் சாதாரண டோஸ்" என்று ஒருவர் எழுத, மருத்துவர் தந்த சீட்டில் அதைவிடக் குறைவான எண்ணைப் பார்த்து மற்றொருவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதும் இந்தக் குழப்பத்தால்தான்.

டோஸ் என்பது மில்லிகிராம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வேதி வடிவம், எந்த வழியாக உடலுக்குள் போகிறது ஆகிய நான்கும் சேர்ந்தது. இந்த நான்கில் ஒன்றை விட்டுவிட்டாலும் ஒப்பீடு பொருளற்றதாகிவிடும்.

உடல் தானே சுரக்கும் அளவு

வளர்ந்த ஆணின் விந்தகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 3 முதல் 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. சுரக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவை எட்டியதும் மூளை அதை உணர்ந்து கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனையும் மூளை தன்னுடையதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல விளைவுகளுக்கு இதுவே காரணம்.

ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி இரண்டு புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. ஒன்று ஆல்புமின், இதனோடு உள்ள பிணைப்பு தளர்வானது. மற்றொன்று கல்லீரல் உண்டாக்கும் எஸ்.எச்.பி.ஜி.; இதன் பிணைப்பு இறுக்கமானது. எதனோடும் ஒட்டாமல் இருப்பது சுமார் 2 சதவீதம் மட்டுமே. உடல் பருமனிலும் நீரிழிவிலும் எஸ்.எச்.பி.ஜி. குறைவதால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். வயது ஏறும்போதும் சில கல்லீரல் நோய்களிலும் அது கூடும். ஆகவே மொத்த அளவு எல்லைக்கோட்டில் நிற்கும்போது, ஒட்டாத பகுதியையும் கணக்கிட்டுப் பார்க்காமல் டோஸைப் பற்றிப் பேசத் தொடங்குவது அவசரம்.

மில்லிகிராமை ஒப்பிடும் முன் ஒரு கணக்கு

டெஸ்டோஸ்டிரோனை அப்படியே ஊசியாகப் போட்டால் வெகு சீக்கிரம் கரைந்து வெளியேறிவிடும். அதனால் ஒரு கொழுப்பு அமிலத்தை அதனோடு இணைத்து, எண்ணெயில் கரைத்து, தசைக்குள் செலுத்துகிறார்கள். இந்த இணைப்புக்கு எஸ்டர் என்று பெயர். எனான்தேட், சிபியோனேட், அன்டெகனோயேட் என்று ஆம்பூலின் (ஊசி மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியின்) மேல் எழுதியிருப்பது எஸ்டரின் பெயர். லேபிளில் உள்ள மில்லிகிராமில் இந்த எஸ்டரின் எடையும் அடங்கும். எனான்தேட்டில் 72 சதவீதமும், சிபியோனேட்டில் 70 சதவீதமும், அன்டெகனோயேட்டில் 63 சதவீதமும்தான் டெஸ்டோஸ்டிரோன்.

இப்போது அந்த நால்வரின் சீட்டுகளை நாள் கணக்காக மாற்றிப் பார்க்கலாம்.

1. எனான்தேட் வாரம் 100 மி.கி.: அதில் டெஸ்டோஸ்டிரோன் 72 மி.கி.; ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 10 மி.கி.

2. நான்கு எஸ்டர்கள் கலந்த சஸ்டனான் 250, மூன்று வாரத்துக்கு ஒருமுறை: அதில் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 176 மி.கி.; நாளொன்றுக்கு 8 மி.கி.யைச் சற்றே தாண்டும்.

3. அன்டெகனோயேட் 1,000 மி.கி., பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை: சுமார் 630 மி.கி.யை 84 நாளுக்குப் பங்கிட்டால் 7.5 மி.கி.

4. ஒரு சதவீத ஜெல் தினமும் 50 மி.கி.: தோல் வழியாக உள்ளே போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆக நாளொன்றுக்கு 5 மி.கி.

ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்து மிரளத் தேவையில்லை என்பதும், நால்வரும் உடல் இயல்பாகச் சுரக்கும் எல்லைக்குள்ளோ அதன் விளிம்பிலோதான் இருக்கிறார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. இதே கணக்கில் இணையத்தின் "சாதாரண" 200 மி.கி.யைப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 144, நாளுக்கு 20 மி.கி.க்கு மேல். எந்த ஆரோக்கியமான விந்தகமும் நாள்தோறும் சுரக்கும் அளவு அன்று அது. இயல்பின் மேல் எல்லையைப் போல இரண்டு மடங்கு.

எந்த எண்ணைக் குறிவைப்பது

சிகிச்சை தேவையா என்பதே முதலில் உறுதியாக வேண்டும். பாலியல் நாட்டம் குறைதல், காலை விறைப்பு இல்லாமை போன்ற அறிகுறிகளும், வெவ்வேறு நாட்களில் காலை வேளையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளில் குறைந்த அளவும் சேர்ந்திருந்தால் மட்டுமே குறைபாடு என்று சொல்லலாம். சாப்பிட்டால் அளவு இறங்கும் என்பதால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது நல்லது. பருமன் இல்லாத, ஆரோக்கியமான இளம் ஆண்களில் இயல்பு எல்லை டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் என்று 2017இல் பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து வரையறுத்தார்கள். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 300க்குக் கீழே என்பதைக் கோடாக வைத்திருக்கிறது. நானோமோல் கணக்கில் அறிக்கை தரும் நாடுகளில் இந்த 300 என்பது லிட்டருக்கு 10.4 என்று அச்சாகியிருக்கும்.

சிகிச்சையின் இலக்கு, இந்த எல்லையின் நடுப்பகுதி. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 450 முதல் 600 வரை என்று சொல்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நடு எல்லையையே முன்வைக்கிறது. மேல் விளிம்பான 900ஐ ஏன் குறிவைக்கக் கூடாது என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு ஆய்வுகள் தெளிவான பதில் தருகின்றன.

முதலாவது 2013இல் வெளியானது. ஆண்களின் சொந்தச் சுரப்பை மருந்தால் நிறுத்திவிட்டு வெவ்வேறு அளவில் ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். தசை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் குறைகிறது. உடல் கொழுப்பு வேறோர் அளவில் கூடத் தொடங்குகிறது. பாலியல் நாட்டம் இன்னொரு விதமாகச் சரிகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே மந்திர எண் இல்லை என்பது அதன் முடிவு. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதையும் சேர்த்துத் தடுத்தபோது, கொழுப்புக் கூடுவதற்கு முக்கியக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவுதான் என்றும், பாலியல் செயல்பாட்டுக்கு இரண்டும் வேண்டும் என்றும் தெரிந்தது. டோஸோடு சேர்த்து, கேட்காமலேயே, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரையையும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதை இந்த ஒரு ஆய்வே காட்டுகிறது. எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். மார்பு வீங்கும் அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது என்றால், டோஸ் கூடுதலோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது 2001இல் வந்தது. 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 61 ஆண்களுக்குச் சொந்தச் சுரப்பை நிறுத்திவிட்டு, வாரந்தோறும் 25, 50, 125, 300, 600 மி.கி. என்று ஐந்து குழுக்களாக எனான்தேட் ஊசியை இருபது வாரம் போட்டார்கள். அடுத்த ஊசிக்கு முன், அதாவது அளவு மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் எடுத்த ரத்தத்தில் சராசரி அளவுகள் முறையே 253, 306, 542, 1,345, 2,370. வாரம் 125 மி.கி. போட்டவர்கள் தாழ்வான வேளையிலேயே இயல்பு எல்லையின் நடுவுக்கு அருகில் நிற்கிறார்கள். 300 போட்டவர்கள் தாழ்வான வேளையிலும் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள். டோஸ் ஏற ஏறத் தசை கூடியது. உடற்பயிற்சிக் கூடங்களில் இந்த மருந்து புழங்குவதற்கு அதுதான் காரணம். ஆனால் ஹீமோகுளோபினும் ஏறியது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். இறங்கியது. அந்த இருபது வாரத்தில் பாலியல் செயல்பாட்டிலும் மனநிலையிலும் எந்த டோஸிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. களைப்பும் நாட்டக் குறைவும் நீங்க வேண்டும் என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். அவர்கள் தேடுவது ஏறிய எண்ணில் இல்லை. ஆபத்து மட்டும் அதில் இருக்கிறது.

ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே நடப்பது

எனான்தேட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, வாரம் 75 முதல் 100 மி.கி. அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மி.கி. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. உடலில் நடப்பது ஒன்றல்ல.

எனான்தேட்டின் அரை ஆயுள் சுமார் நான்கரை நாள். செலுத்தியதில் பாதி அந்த நாட்களில் தீர்ந்துவிடும். ஒன்பதாம் நாள் கால் பங்கும், பதினான்காம் நாள் காலையில் எட்டில் ஒரு பங்கும்தான் மிஞ்சியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி. போட்டுக்கொள்பவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்களன்று ஊசி. செவ்வாயும் புதனும் அளவு இயல்பின் மேல் எல்லையைத் தாண்டி நிற்கிறது; உற்சாகம், சில வேளை முகத்தில் பரு, தூக்கத்தில் குழப்பம். இரண்டாவது வாரத்தின் பாதியில் களைப்பு திரும்புகிறது. வார இறுதியில் எரிச்சல். அடுத்த திங்களை எண்ணிக் காத்திருக்கிறார். அவருடைய முறையீடு "மருந்து போதவில்லை" என்பதாகத்தான் இருக்கும். மருத்துவர் 250 ஆக்கினால் உச்சம் இன்னும் மேலே போகும். கடைசி நாட்களின் தாழ்வு சுமார் ஒன்றரை நாள்தான் தள்ளிப்போகும். அதே 200ஐ இரண்டாகப் பிரித்து வாரம் 100 ஆகக் கொடுத்தால், ஏழாம் நாளிலும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருப்பதால் ஏற்ற இறக்கம் வெகுவாகத் தணியும். டோஸைக் கூட்டுவதற்கு முன் இடைவெளியைக் குறைத்துப் பார்ப்பது ஏன் முதல் அடியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே விளக்கம்.

இந்த ஏற்ற இறக்கம் பரிசோதனை அறிக்கையையும் ஏமாற்றும். மேற்சொன்னவர் மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்தால் 1,000ஐத் தாண்டிய எண் வரலாம். பதின்மூன்றாம் நாள் கொடுத்தால் 300க்குக் கீழே வரலாம். மருந்து அதே, ஆள் அதே. முதல் அறிக்கையைப் பார்த்தவர் டோஸைக் குறைப்பார், இரண்டாவதைப் பார்த்தவர் கூட்டுவார். எனவே ரத்தம் எடுக்கும் நாளும் டோஸின் ஒரு பகுதியே:

1. எனான்தேட், சிபியோனேட் ஊசிகளுக்கு, இரண்டு ஊசிகளுக்கு நடுவே உள்ள நாளில் எடுக்க வேண்டும். அந்த அளவு 350க்குக் கீழேயோ 600க்கு மேலேயோ இருந்தால் டோஸையோ இடைவெளியையோ மாற்றலாம்.

2. நீண்ட நாள் நிற்கும் அன்டெகனோயேட் ஊசிக்கு, அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்.

3. ஜெல்லுக்கு, தொடங்கிக் குறைந்தது ஒரு வாரம் கழிந்தபின், தடவிய இரண்டு முதல் எட்டு மணி நேரத்துக்குள். ஜெல் தடவிய கையில் ரத்தம் எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் மருந்தும் கலந்து பொய்யான உயர்வைக் காட்டக்கூடும்.

அறிக்கையில் ஊசி போட்ட தேதியையும் எழுதி வைத்துக்கொள்வது மிகச் சிறிய வேலை. அது இல்லாத அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டோஸ் மிஞ்சும்போது உடல் காட்டும் அடையாளங்கள்

முதல் அடையாளம் ரத்தம் தடிப்பது. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு உண்டாக்கத் தூண்டுகிறது. இரும்புச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற பொருளை அடக்கி அதற்கு வழியும் செய்து தருகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் சிகிச்சையை நிறுத்தி, அது இறங்கியபின் குறைந்த டோஸில் மீண்டும் தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். ஜெல்லைவிட ஊசியில், குறிப்பாக உச்சம் உயரமாக எழும் ஊசியில், இது அதிகம் நிகழ்கிறது. டோஸை அப்படியே வைத்துக்கொண்டு அவ்வப்போது ரத்தத்தை வெளியேற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. அது காரணத்தைத் தொடாமல் விளைவைத் துடைக்கும் வேலை. இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்து, களைப்பு வேறு வழியாகத் திரும்பி வரும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தாலும் ஹீமடோக்ரிட் ஏறும் என்பதால் அதையும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, வெளியில் தெரியாதது. குழந்தை பெறும் திறன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தவுடன் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திக்கொள்ள, விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை முறையாக டெஸ்டோஸ்டிரோனைச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. அதில் 271 ஆண்களுக்கு எனான்தேட் ஊசி போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் 157 பேருக்கு விந்துவில் ஓர் அணுகூட இல்லாமல் போனது. அவர்களுக்குக் கொடுத்த டோஸ் வாரம் 200 மில்லிகிராம். இணையத்தில் தொடக்க அளவு என்று சொல்லப்படும் அதே எண், ஒரு கருத்தடை ஆய்வின் டோஸ். குறைந்த டோஸ் இந்த விஷயத்தில் பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. இயல்பு அளவைத் தரும் எந்த டோஸும் மூளையின் கட்டளையை அடக்கும். விரைவில் குழந்தை வேண்டும் என்பவருக்கு டெஸ்டோஸ்டிரோன் தரக் கூடாது; விந்தகத்தைத் தூண்டும் வேறு மருந்துகள் அவருக்கு உள்ளன. திருமணமான இளைஞரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் முதல் ஊசியைப் போடுவது பெரும் பிழை.

மூன்றாவது, புராஸ்டேட். தொடங்கிய முதல் ஓராண்டுக்குள் புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் கூடினாலோ, 4ஐத் தாண்டினாலோ சிறுநீரியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2023 ஆய்வின் எல்லை

இந்தச் சிகிச்சை மாரடைப்பைத் தருமா என்ற சந்தேகத்துக்கு டிராவர்ஸ் என்ற பெரிய ஆய்வு 2023இல் விடை தந்தது. இதய நோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த, 45 முதல் 80 வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து மருந்துக் குழுவில் 7.0 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 7.3 சதவீதம். இதைத் தொடர்ந்து 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேபிளின் எச்சரிக்கைப் பெட்டியிலிருந்து இதய அபாயம் குறித்த வாசகத்தை நீக்கச் சொன்னது. ரத்த அழுத்தம் உயரலாம் என்ற எச்சரிக்கையைச் சேர்க்கவும் சொன்னது.

"டெஸ்டோஸ்டிரோன் இதயத்துக்குப் பாதுகாப்பானது" என்று இதைச் சுருக்கிவிட்டார்கள். ஆய்வில் கொடுத்தது ஜெல். அளவு 350க்கும் 750க்கும் இடையில் நிற்கும்படி டோஸ் தொடர்ந்து திருத்தப்பட்டது. ஹீமடோக்ரிட் ஏறியவர்களுக்கு டோஸ் குறைக்கப்பட்டது. ஆகவே அந்த முடிவு அந்த டோஸுக்கு மட்டுமே சொந்தம். வாரம் 200 மி.கி. ஊசி போட்டு 1,200இல் இருப்பவர் இந்த ஆய்வைத் தனக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அளவாகக் கொடுத்த அந்த ஆய்விலேயே இதயத் துடிப்புச் சீர்குலைவு, நுரையீரலில் ரத்தக்கட்டு, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்துக் குழுவில் சற்றுக் கூடுதலாக இருந்தன; எலும்பு முறிவும் கூடுதலாக இருந்தது.

தொடங்குவதும் திருத்துவதும்

1. கீழிருந்து தொடங்க வேண்டும். ஊசியானால் வாரம் 75 முதல் 100 மி.கி. எனான்தேட் போதுமானது. முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும், வேண்டாதபோது உடனே நிறுத்த முடிகிற ஜெல் மேல். மூன்று மாதம் நிற்கும் ஊசியைப் போட்டபின் திரும்ப எடுக்க வழியில்லை. பருவமடைதல் தாமதமான சிறுவர்களுக்கான டோஸ் இவற்றைவிட மிகக் குறைவு. அது தனிக் கணக்கு.

2. ஆம்பூலின் செறிவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 250 மி.கி. உள்ள ஆம்பூலில் 100 மி.கி. என்பது 0.4 மில்லி. அதே 0.4 மில்லியை 200 மி.கி. செறிவுள்ள குப்பியிலிருந்து எடுத்தால் 80 மி.கி.தான். கடையில் பிராண்டு மாறும்போது சிரிஞ்சின் கோடும் மாற வேண்டும்.

3. பொறுக்க வேண்டும். பாலியல் நாட்டம் மூன்று முதல் ஆறு வாரத்தில் மேம்படத் தொடங்கும். தசை வலிமைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். எலும்பு அடர்த்தி கூடுவது ஆறு மாதத்துக்குப் பின்தான் தெரியும். இரண்டாவது வாரத்திலேயே டோஸைக் கூட்டுபவர், முதல் டோஸ் என்ன செய்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பை இழக்கிறார்.

4. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன், ஹீமடோக்ரிட், பி.எஸ்.ஏ. மூன்றையும் பார்த்து, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

5. அளவு நடு எல்லையில் இருந்தும் அறிகுறி தீரவில்லை என்றால், கூட்டுவதை விட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, தூக்கக் குறைவு, நீரிழிவு ஆகிய எல்லாமே இதே முகத்தோடு வரும்.

ஜெல் தடவுபவர்கள் கையைக் கழுவி, தடவிய இடத்தைத் துணியால் மூடிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். தந்தையின் தோளிலிருந்து ஒட்டிய மருந்தால் சிறு குழந்தைகளுக்குப் பருவ மாற்றங்கள் தோன்றிய நிகழ்வுகள் பதிவானதால், 2009இலேயே அமெரிக்காவில் ஜெல் லேபிளில் எச்சரிக்கைப் பெட்டி சேர்க்கப்பட்டது. அவருடைய டோஸ் சரியாகவே இருக்கலாம். குழந்தைக்கு அதில் சரியான டோஸ் என்று ஒன்று கிடையாது.